மறுமொழி வாராத அழைப்பு

அரபு இலக்கியத்தில் 'மர்ஸிய்யா' எனப்படும் இரங்கற்பா மிகத் தொன்மையானது. தமிழ் மரபு கையறுநிலை என வகுத்ததற்கு நெருங்கிய உறவுடையது. 7ஆம் நூற்றாண்டுப் புலவர் அல்-கன்ஸா, தம் சகோதரர்களான முஆவியாவையும் ஸக்ரையும் இழந்து பாடிய பாக்கள் இவ்வகையின் சிகரமாகப் போற்றப்படுகின்றன. மர்ஸிய்யாக்களில் வழிவழி வரும் ஒரு தொடர் 'லா தப்அத்': 'தொலைவாகிப் போகாதே' என்பது பொருள். அழைக்கப்படுபவர் மண்ணுக்குள் சென்றுவிட்டதைப் பாடுபவர் அறிவார், அறிந்தே அழைக்கிறார். மறுமொழி வாராது. பாவின் உண்மை அவ்வாராமையில்தான் தங்கியிருக்கிறது.

இவ்வளவுகோலைக் கொண்டு, தென்கொரியாவின் எம்.பி.சி. தொலைக்காட்சி 2020 பிப்ரவரியில் ஒளிபரப்பிய 'உன்னைச் சந்தித்தேன்' என்னும் ஆவணப்படத்தை நோக்குவோம். 2016இல் நோயால் மறைந்த ஏழு வயதுச் சிறுமியின் உருவைக் கணினி வழியே படைத்தனர். மற்றொரு குழந்தையின் உடலசைவைப் பதிந்து அதனை இயக்கினர். தாய் மெய்நிகர்க் கருவியைக் கண்களில் பூட்டி, கையுறை அணிந்து, ஒரு பூங்காவில் மகளைக் 'காண்கிறார்'. மகளோ, தாய் எங்கிருந்தார், தன்னை நினைத்தாரா என வினவுகிறாள்.

தாம் விரும்பிய கனவைக் கண்டதாக அத்தாய் பின்னர் கூறினார். அவரது துயரத்தையோ ஆறுதலையோ எடைபோடுவது நம் வேலையன்று. நாம் ஆராய்வது படைப்பை. அவ்வினாக்கள் அச்சிறுமியின் சொற்களல்ல; படைத்தோர் எழுதிக் கொடுத்தவை. மர்ஸிய்யாவிலும் கற்பனை உண்டு. ஆயினும் பேசுபவர் புலவரே என்பதைக் கேட்போர் ஒருபோதும் மறப்பதில்லை. இங்கோ எழுதியவர் மறைந்துகொள்ள, மய்யித்தின் பெயரால் பேச்சு நிகழ்கிறது. 'என்னை நினைத்தாயா?' என்பது இழந்த தாயின் நெஞ்சைக் குற்றவுணர்வால் அறுக்கவல்ல வினா. அதனைத் தொடுக்கும் உரிமை எவருக்கு உண்டு? இறந்தோரின் சொல் ஓர் அமானிதம். அதில் கூட்டுவதும் குறைப்பதும் முறையாகா.

எனினும் இப்படத்தில் ஓர் உயர்ந்த இடம் உண்டு. மெய்நிகர்ப் பூங்காவை விடுத்து, ஒளிப்பதிவுக் கருவி பச்சைத் திரையிட்ட வெறுங்கூடத்தைக் காட்டும் தருணம் அது. அங்கே மகள் இல்லை. தாயின் கைகள் காற்றை வருடுகின்றன. கணினியின் உதவியின்றியே அக்காட்சி 'லா தப்அத்' என்கிறது. படைத்தோர் அங்கேயே நின்றிருந்தால், நம் காலத்திற்கோர் மர்ஸிய்யா கிடைத்திருக்கும்.

மறைந்தோரின் குரல்பதிவையும் நிழற்படத்தையும் பேணுவதில் நமக்கு மறுப்பில்லை. அவை அவர்கள் உண்மையில் விட்டுச்சென்றவை. அவர்கள் சொல்லாததைச் சொல்லவைக்கும் படைப்புகள் இனிப் பெருகக்கூடும். அவற்றை மதிப்பிடும்போது தொழில்நுட்பத் திறனுக்கு முன்னதாக, பேசுவது யார் என்பதையே நாம் கேட்டறிய வேண்டும்.