கிராக்சைடின் கணப்பு

இங்கிலாந்தின் நார்தம்பர்லாந்தில் பாறைச் சரிவில் நிற்கிறது கிராக்சைடு மாளிகை. பீரங்கி செய்து பொருள் குவித்த ஆம்ஸ்ட்ராங்கின் வீடு. 1884-இல் வேல்ஸ் இளவரசரை வரவேற்ற அதன் பெரிய கூடத்தில், கணப்புக்காகவே அறை கட்டினார்களோ என்று தோன்றும். சுமார் 10 டன் இத்தாலியச் சலவைக்கல்! இந்தக் கணப்பை வடிவமைத்த கட்டடக் கலைஞர் லெத்தபிக்கு அப்போது வயது இருபதுகளில்தான். கொடியும் சுருளும் உருவங்களுமாக, உளி சலிக்காமல் ஓடியிருக்கிறது. அத்தனை கனமும் உறுத்தவில்லை. கல் குழைந்து நிற்கிறது. நெருப்பின் இருபுறமும் அமர இருக்கைகள் உண்டு; குளிர்நாட்டில் குடும்பம் கூடும் இடம் அதுதானே. இத்தனைக்கும், நீர்மின்சாரத்தால் விளக்கெரித்த முதல் வீடுகளில் ஒன்று இந்த மாளிகை. அங்கே போனால், அந்தச் சுருள்களை அருகில் நின்று பாருங்கள்.