காற்கூறும் கருப்புச் சதுரங்களும்

'மென்டார்' என்ற சொல் ஹோமரின் ஒடிசியிலிருந்து வருகிறது. அதில் டெலிமாக்கஸுக்கு வழிசொல்வது, மென்டாரின் உருவத்தை அணிந்து வரும் அதீனா. சொல்லின் பிறப்பிலேயே அறிவுரை கூறும் முகத்துக்குப் பின்னால் வேறொரு அதிகாரம் இருந்து பேசுகிறது. இன்று இளம் ஆசிரியர்களுக்கு 'வழிகாட்டி' நியமிக்கப்படும்போது பேசுவது யார் என்பதே என் கேள்வி.

2020 மார்ச் இறுதியில் ஊரடங்கு வந்ததும் வகுப்பறை செல்பேசிக்குள் போனது. நானறிந்த கௌரவ விரிவுரையாளர் ஒருவர், பணியில் சேர்ந்து ஒரு வருஷம்கூட ஆகாதவர், நன்னூல் பாயிரத்தைக் கருப்புச் சதுரங்களுக்கு நடத்திக்கொண்டிருந்தார். மாணவன் ஓவியப்பாவைபோல அடங்கியிருக்க வேண்டும் என்கிறார் பவணந்தி. அடங்கித்தான் இருந்தார்கள். ஓவியமும் இருந்தது: நடிகர் படம், சாமி படம். சிக்னல் போச்சா, பிள்ளை தூங்கிப் போச்சா, வீட்டிலிருக்கும் ஒரே போனை அண்ணன் எடுத்துட்டுப் போயிட்டானா, எதுவும் தெரியாது. துணைக்கென்று ஒரு மூத்தவரை இணைத்தார்கள். அவர் கேமராவை அணைத்துவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்தார். எத்தனை பேர், எத்தனை நிமிஷம் என்று குறித்துக்கொண்டார். ஒரு வார்த்தை பேசவில்லை. இதுக்கு ஃபூக்கோவரைக்கும் போகவேண்டியதில்லை. கங்காணி என்ற நம்ம ஊர்ச் சொல்லே போதும்.

பல்கலைக்கழக மானியக் குழு 2019இல் புதிய ஆசிரியர்களின் ஒரு மாத அறிமுகப் பயிற்சிக்கென ஒரு கையேட்டைத் தயாரித்தது. பெயர் 'குரு தக்ஷதா'. தலைப்பிலேயே குரு வந்து உட்கார்ந்துவிட்டார். இத்தகைய பயிற்சிகள் பதவி உயர்வோடு பிணைக்கப்பட்டவை. தொகுப்பூதியத்தில் ஆயிரக்கணக்கில் இருப்பவர்களுக்குப் பதவியே நிலையில்லை, உயர்வு ஏது?

நன்னூலை வெறும் அடக்கத்தின் பிரதியாக வாசித்து ஒதுக்கிவிடவும் முடியாது. ஆசான் உரைத்ததை முழுசாக வாங்கிக்கொண்டாலும் கிடைப்பது காற்கூறு. சக மாணாக்கரோடு பயில்வதில் இன்னொரு கால். மீதிப் பாதி பிறருக்கு எடுத்துரைக்கும்போது வருவது. அதே பாயிரம் போடும் கணக்கு இது. ஆசிரியருக்கும் இதை நீட்டலாம். நண்பருக்கு உதவியது அந்த இரண்டாவது கால்தான். வேறு கல்லூரிகளில் இருந்த கௌரவ விரிவுரையாளர்கள் சிலர் இரவு பத்துமணிக்கு மேல் போனில் பேசிக்கொள்வார்கள். "நேரலையை விடுங்க சார், பத்து நிமிஷம் குரல்பதிவு அனுப்புங்க, டேட்டா கம்மி, பிள்ளைங்க ராத்திரி கேட்டுக்குவாங்க" என்று அவர்களில் ஒருவர் சொன்னது வகுப்பைக் காப்பாற்றியது. இந்த உழைப்பு எந்தப் பதிவேட்டிலும் ஏறவில்லை.

மூத்தவர்களே வேண்டாம் என்று நான் வாதிடவில்லை. ஆலோசனை சொல்கிறவரே அறிக்கையும் எழுதக்கூடாது. அவரும் தன் இணையவகுப்பை இளையவர் பார்க்கத் திறந்து வைக்கட்டும். இரவுப் பேச்சுக்கான நேரமும் பணிநேரமாகி, அதற்குச் சம்பளம் கணக்கிடப்படட்டும். முதல் இரண்டுக்கும் நிர்வாகம் ஒருவேளை தலையாட்டும். மூன்றாவதைச் சொன்னதும் கூட்டம் முடிந்துவிடும்.