வேண்டாம் என்று சொல்லக் கற்றுத்தரும் சீட்டுக்கட்டு

ஒரு புழு உங்களைக் கடிக்க வாயைத் திறக்கிறது. பெயர் ஜா வோர்ம். அதன் தலைக்கு மேலே சின்னதாக ஒரு வாள் படம், பக்கத்தில் 11 என்ற எண். எவ்வளவு அடிக்கப் போகிறேன் என்பதைச் சொல்லிவிட்டுத்தான் அது அடிக்கும். உங்கள் கையில் ஐந்து சீட்டு, செலவழிக்க மூன்று எனர்ஜி. கடிகாரம் எதுவும் ஓடவில்லை. நீங்கள் யோசித்து முடிக்கும்வரை புழு காத்திருக்கும்.

'ஸ்லே தி ஸ்பையர்' வீடியோ கேமை ரசிக்க விரும்பினால், முதலில் இந்த இடத்தில் நிதானமாக நிற்கப் பழகுங்கள்.

சியாட்டில் நகரில் ஆந்தனி ஜியோவனெட்டி, கேசி யானோ என்ற இருவர் தொடங்கிய மெகா கிரிட் நிறுவனத்தின் ஆட்டம் இது. 2017 நவம்பரில் ஆரம்ப வடிவில் வந்து, 2019 ஜனவரியில் முழுமை பெற்றது. இரண்டு பழைய வழிகள் இதில் ஒன்றுசேர்கின்றன. ஒன்று, 1980இல் வந்த 'ரோக்' கம்ப்யூட்டர் கேமின் வழி: செத்தால் முதலிலிருந்து தொடங்க வேண்டும், ஒவ்வொரு தடவையும் பாதை மாறியிருக்கும். மற்றொன்று, 2008இல் வந்த 'டொமினியன்' சீட்டாட்டத்தின் வழி: ஆடிக்கொண்டே நமக்கான கட்டைச் சேர்ப்பது.

கட்டை எண்ணுங்கள்

அயர்ன்கிளாட் என்ற வீரனோடு தொடங்குவோம். அவனிடம் 10 சீட்டு: ஸ்ட்ரைக் 5, டிஃபெண்ட் 4, பாஷ் 1. ஸ்ட்ரைக் 6 அடி கொடுக்கும். டிஃபெண்ட் 5 அடியைத் தடுக்கும். இரண்டுக்கும் தலா ஒரு எனர்ஜி. பாஷுக்கு இரண்டு எனர்ஜி. அது 8 அடி கொடுப்பதோடு, எதிரியை இரண்டு சுற்றுக்கு ஒன்றரை மடங்கு அடி வாங்க வைக்கும்.

இப்போது புழுவிடம் வருவோம். கையில் ஸ்ட்ரைக் 2, டிஃபெண்ட் 2, பாஷ் 1 இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு டிஃபெண்டையும் போடு என்றுதான் மனசு சொல்லும். 11 அடியில் 10 நின்றுவிடும். ஆனால் மிச்சக் கட்டில் என்ன இருக்கிறது? ஸ்ட்ரைக் 3, டிஃபெண்ட் 2. அடுத்த சுற்றில் அந்த ஐந்தும்தான் வந்தாக வேண்டும். இப்போது பாஷும் ஒரு ஸ்ட்ரைக்கும் போட்டால் 8ம், ஒன்றரை மடங்கான 9ம் சேர்ந்து 17. அடுத்த சுற்றில் மூன்று ஸ்ட்ரைக், தலைக்கு 9 வீதம் 27. மொத்தம் 44. தொடக்க நிலையில் இந்தப் புழுவின் உயிர் 40 முதல் 44 வரைதான். இரண்டாவது சுற்றிலேயே அதன் கதை முடிந்தது. நீங்கள் வாங்கிய 11 அடியில் ஆறை, அயர்ன்கிளாடிடம் உள்ள 'பர்னிங் பிளட்' சண்டை முடிந்ததும் திருப்பித் தந்துவிடும்.

தெரிந்தே ஓர் அடியை வாங்கிக்கொண்டு ஜெயிப்பதில் ஒரு சுகம் இருக்கிறது. இந்த ஆட்டத்தின் ருசி அங்கேதான் தொடங்குகிறது.

மூன்றில் ஒன்று, அல்லது எதுவும் வேண்டாம்

சண்டையில் ஜெயித்ததும் மூன்று புதுச் சீட்டுகள் நீட்டப்படும். ஒன்றை எடுக்கலாம், எடுக்காமலும் போகலாம். புதிதாக ஆடுகிறவர் ஒவ்வொரு முறையும் எடுத்துக்கொண்டே போவார். 10 சீட்டுக் கட்டு இரண்டு சுற்றில் முழுக்கக் கைக்கு வந்துவிடும். அதையே 30 ஆக்கினால் ஆறு சுற்று பிடிக்கும். அவசரத்துக்கு வேண்டிய பாஷ் அடியில் எங்கோ கிடக்கும். கடையில் 75 தங்கம் கொடுத்தால் கட்டிலிருந்து ஒரு சீட்டை நீக்கித் தருவார்கள். அடுத்த முறை 25 கூடுதல். காசு கொடுத்துச் சொந்தச் சீட்டைத் தொலைப்பதா என்று முதலில் தோன்றும். பத்து ஆட்டம் ஆடிய பிறகு, கடைக்குள் நுழைந்ததும் கை முதலில் அங்கேதான் போகும்.

எல்லாவற்றையும் மறுப்பதும் பிழை. ஆட்டத்தின் முதல் பகுதியில் கிரெம்லின் நாப் என்றொரு முரடன் வருவான். தற்காப்புச் சீட்டுகள் சேர்ந்த 'ஸ்கில்' வகையில் எதைப் போட்டாலும் அவனுக்கு வெறி ஏறி, பலம் கூடும். நல்ல அடிச் சீட்டு சேர்க்காதவர் அவனிடம் மாட்டினால் தப்புவது கஷ்டம். ஆகவே ஒவ்வொரு சீட்டையும், 'அடுத்து வரப்போகிறவனுக்கு இது ஆகுமா?' என்று கேட்டுவிட்டு எடுங்கள்.

கூட்டணி அமையும் நேரம்

பிறகு ஒரு நாள் பேரிகேட் என்ற சீட்டு கிடைக்கும். வழக்கமாக நம் தடுப்பு அடுத்த சுற்றில் மறைந்துவிடும். பேரிகேட் போட்டால் மறையாது. என்ட்ரெஞ்ச், இருக்கும் தடுப்பை இரட்டிப்பாக்கும். பாடி ஸ்லாம், எவ்வளவு தடுப்போ அவ்வளவு அடி. தனித்தனியாக வந்தபோது நான் பல தடவை ஒதுக்கிய சீட்டுகள் இவை. மூன்றும் ஒரே கட்டில் சேர்ந்த அன்று 30 தடுப்பு 60 ஆகி, 120 ஆகி, சுவரே எதிரிமேல் சாய்ந்தது போல விழுந்தது. அப்படி ஒரு கூட்டணியை யாரும் சொல்லித் தராமல் நீங்களே கண்டுபிடிக்க வேண்டும். அதனால் முதல் சில வாரங்களுக்கு 'சிறந்த சீட்டுகள்' பட்டியல் எதையும் படிக்காதீர்கள்.

குறைகளையும் அறிந்து ரசியுங்கள்

படங்கள் எளிமையானவை, உருவங்கள் நின்ற இடத்தில் லேசாக அசைவதோடு சரி. கதையும் துணுக்கு துணுக்காகத்தான் வரும். கண்ணுக்கு விருந்து தேடுகிறவருக்கு இது ஏமாற்றம்தான்.

இதைவிடப் பெரிய குறை முடிவில் இருக்கிறது. மூன்று சாவிகளைச் சேர்த்தால்தான் கடைசி எதிரியான 'இதயத்தை' அடைய முடியும். நீங்கள் போடும் ஒவ்வொரு சீட்டுக்கும் அது உங்களுக்கு ஓர் அடி கொடுக்கும்; ஒரு சுற்றில் 300க்கு மேல் அடி வாங்காது. குட்டிச் சீட்டுகளை மளமளவென்று போடும் கட்டுகள் அங்கே தடுமாறும். வழியெல்லாம் 'உன் இஷ்டப்படி கட்டு' என்று சொன்ன ஆட்டம், வாசலில் வந்து நிபந்தனை போடுகிறது. முதல் முறை போகிறவருக்கு அது முன்கூட்டித் தெரியவும் வாய்ப்பில்லை.

மூன்றாவது, தோல்வி மெதுவாக வருவது. இந்தக் கட்டு தேறாது என்று இரண்டாம் பகுதியிலேயே தெரிந்துவிடும். ஆனாலும் அரை மணி நேரம் இழுத்துக்கொண்டு போவோம். அப்போது கைவிட்டுப் புதிதாகத் தொடங்குவதில் அவமானம் எதுவும் இல்லை.

தோற்ற பிறகு ஒரு காரியம் செய்யுங்கள். ஆடி முடித்த ஒவ்வொரு ஆட்டத்தின் கட்டும் ஆட்ட வரலாற்றில் இருக்கும். அதைத் திறந்து, கைக்கு வந்தபோதெல்லாம் நீங்கள் போடாமலே விட்ட சீட்டைத் தேடுங்கள். எந்தச் சண்டைக்குப் பிறகு அதை எடுத்தீர்கள் என்பதும் அங்கேயே பதிவாகியிருக்கும். அடுத்த ஆட்டத்தில் அதே சீட்டு மறுபடி நீட்டப்படும்போது, உங்கள் விரல் ஒரு நொடி தயங்கும். அந்தத் தயக்கம் வந்துவிட்டால், நீங்கள் இந்த ஆட்டத்தை ரசிக்கத் தொடங்கிவிட்டீர்கள்.