கருத்துப்படத்தின் எச்சம்

நாளிதழ்களில் வெளிவரும் அரசியல் சித்திரங்களைக் குறிக்கத் தமிழில் இரு சொற்கள் வழங்குகின்றன. ஒன்று கேலிச்சித்திரம், மற்றொன்று கருத்துப்படம். முன்னது காண்போரிடம் எழும் சிரிப்பை முதன்மைப்படுத்துகிறது. பின்னது வரைவோரின் எண்ணத்தை. 'கார்ட்டூன்' என்னும் கடன்சொல் இவ்விரண்டையும் ஒருசேரத் தழுவுவதாலேயே பேச்சுவழக்கில் வேரூன்றியது போலும். இவற்றுள் எப்பெயர் பொருத்தமுடையது என்பது வெறும் கலைச்சொல் பூசல் அன்று. ஒரே படத்தைக் கண்டு ஒருவர் சிரிப்பதும் மற்றொருவர் புண்படுவதும் உண்டு. அவ்வேறுபாடு 2012இல் இந்திய நாடாளுமன்றத்தையே நிலைகுலையச் செய்தது. சிரிப்பு படத்தில் எவ்விடத்தில் பிறக்கிறது என்பதை அறியாமல் இச்சிக்கலை அணுக இயலாது.

தொல்காப்பியச் செய்யுளியல் கூறும் செய்யுளுறுப்புகளுள் எச்சம் ஒன்று. சொல்லப்படாது நின்று, கேட்போரால் சொல்லாகவோ குறிப்பாகவோ வருவித்து முடிக்கப்படுவது அது. கருத்துப்படக் கலையின் உயிர்நிலையும் இதுவே. சான்றாக, 1975 டிசம்பர் 10ஆம் நாள் இந்தியன் எக்ஸ்பிரஸ் இதழில் வெளிவந்த அபு ஆப்ரகாமின் படத்தைக் கொள்ளலாம். நெருக்கடி நிலைக் காலம் அது. குடியரசுத் தலைவர் பக்ருதீன் அலி அகமது குளியல் தொட்டியில் இருந்தபடியே அவசரச் சட்டத்தில் கையெழுத்திட்டு வெளியே நீட்டுகிறார்; இன்னும் ஏதேனும் அவசரச் சட்டங்கள் இருப்பின் சற்றுக் காத்திருக்கச் சொல் என்கிறார். நெருக்கடி நிலை என்ற சொல்லோ, பிரதமரின் உருவமோ படத்தில் இல்லை. குறை கூறும் சொல் ஒன்றுகூட இல்லை. 'இன்னும்' என்னும் ஒரு சொல்லே முழுச் சுமையையும் தாங்குகிறது. முன்பு பல வந்தன, பின்பும் பல வரும் என்ற இரு செய்திகளையும் அது கூறாமல் கூறுகிறது. ஜூன் 25 நள்ளிரவுக்குச் சற்று முன்னர் இதே கை எதில் கையெழுத்திட்டது என்பதை அன்றைய வாசகர் அறிவர். அவ்வறிவைப் படத்தோடு கூட்டும் கணத்தில் சிரிப்பு பிறக்கிறது. சிரித்த கணத்திலேயே குற்றச்சாட்டும் முழுமை பெறுகிறது. தணிக்கை நிலவிய காலத்தில் இது அச்சேறியதில் வியப்பில்லை. சொல்லப்படாத ஒன்றை எங்ஙனம் வெட்டுவது?

ஆனால் எச்சத்தை நம்பி இயங்கும் கலைக்கு ஓர் ஊனமும் உண்டு. வருவித்து முடிப்போர் மாறினால் பொருளும் மாறும். பாரதியார் 'இந்தியா' வார இதழில் கருத்துப்படங்களை வெளியிட்டபோது படத்துடன் விளக்கக் குறிப்பும் தந்தமை இங்கு நினைக்கத்தக்கது. தமிழ் இதழியலுக்குப் புதிதான ஒரு வடிவத்தை வாசகர் எங்ஙனம் முடித்துக்கொள்வர் என்னும் ஐயம் அவருக்கு இருந்திருக்க வேண்டும். வாசகர் பழகிய பின் விளக்கம் தேவையற்றதாயிற்று. படத்தின் கீழ் நிற்கும் ஒற்றைத் தொடரே போதுமானதாயிற்று.

பேசாத பாத்திரம்

அவ்வொற்றைத் தொடரைச் செம்மையின் எல்லைக்கே கொண்டு சென்றவர் மைசூரில் பிறந்த ஆர். கே. லட்சுமண் (1921–2015). டைம்ஸ் ஆஃப் இந்தியாவில் 1951 முதல் அவர் வரைந்த 'யூ செட் இட்' என்னும் சிறுபடத் தொடரின் தலைப்பே இருபொருள் தருவது. சொல்லுக்குச் சொல் கொண்டால் 'நீர் சொன்னீர்' என்பதே பொருள்; ஆங்கில மரபுத்தொடராகக் கொண்டால் 'மிகச் சரியாகச் சொன்னீர்' எனப்படும். அமைச்சரோ அதிகாரியோ மருத்துவரோ தம் எதிரில் நிற்பவரிடம் ஒன்றைக் கூறுகிறார். பெரும்பாலும் அது தம் செயலுக்கு அவர் தரும் நியாயம். அவர் சொன்னதே அவருக்கு எதிர்ச்சான்றாகிவிடுகிறது. வரைபவர் தம் சொல்லாக ஒன்றும் சேர்ப்பதில்லை.

ஓரத்தில் கட்டம் போட்ட மேற்சட்டையும் வேட்டியும் மூக்குக்கண்ணாடியுமாக நிற்கிறார் சாமானியர். கேட்கிறார்; பேசுவதில்லை. அக இலக்கியத்தில் தலைவன் சிறைப்புறத்தானாக நிற்பத் தோழி தலைவியிடம் கூறும் கூற்றுகளுடன் இவ்வமைப்பை ஒப்பிடத் தோன்றும். இரண்டிலும் விளிக்கப்படுபவர் ஒருவர், கேட்பவர் வேறொருவர். எனினும் வேறுபாடு பெரிது. தோழி தலைவன் கேட்கவேண்டும் என்றே பேசுகிறாள். லட்சுமணின் அமைச்சரோ சாமானியர் அங்கு நிற்பதையே பொருட்படுத்துவதில்லை. குடியாட்சியில் யார் பொருட்டுப் பேச்செல்லாம் நிகழ்வதாகச் சொல்லப்படுகிறதோ, அவர் அப்பேச்சில் விளிக்கப்படாதவராகவே நிற்கிறார். அறுபது ஆண்டளவும் இந்த ஒரே நிலைமையை வைத்துக்கொண்டு நாள்தோறும் சிரிக்க வைத்தது எளிய செயல் அன்று. சலிப்புத் தட்டும் படங்களும் அவற்றுள் உண்டு. சாலைக் குழியும் தண்ணீர்த் தட்டுப்பாடும் எத்தனை முறைதான் தாங்கும்?

இம்மௌனத்திற்கு மொழியியல் சார்ந்த காரணம் ஒன்றும் உண்டு. தொடக்கத்தில் வங்காளியர், தமிழர், பஞ்சாபியர் எனப் பல மாநிலத்தாரையும் கூட்டமாக வரைந்ததாகவும், நாளிதழின் நேர நெருக்கடியில் அக்கூட்டம் சிறுகச் சிறுகக் குறைந்து ஒருவரில் வந்து நின்றதாகவும் லட்சுமணே கூறியுள்ளார். பலரை ஒருவராக்கியது கடிகாரம்; அவ்வொருவரை எல்லாருக்கும் உரியவராக்கியதோ மௌனம். வாய் திறந்திருந்தால் அவர் ஏதேனும் ஒரு மொழியில் பேசியாக வேண்டும். பேசிய உடனே ஊரும் வட்டாரமும் வகுப்பும் வெளிப்பட்டுவிடும். அவர் மனைவியார் தாராளமாகப் பேசுகிறார் என்பதும், அவரை யாரும் நாட்டின் குறியீடாகக் கொள்ளவில்லை என்பதும் கருதத்தக்கன. 1988இல் லட்சுமணின் கருத்தோட்டத்தை அடியொற்றித் தூர்தர்ஷனில் 'வாக்ளே கி துனியா' என்னும் தொடர் வெளிவந்தபோது இவ்வுண்மை தெளிவாயிற்று. அங்குச் சாமானியர் பேச வேண்டியிருந்தது. பேசியபோது இந்தியில் பேசினார். மராட்டியக் குடும்பப்பெயர் ஒன்றையும் பெற்றார். தொடர் சுவையானதே, பலரும் விரும்பிக் கண்டதே. ஆயினும் அவர் இப்போது வாக்ளே, மும்பைவாசி, அலுவலக ஊழியர். அதே ஆண்டில் அஞ்சல்தலையிலும் பின்னர்ப் புனேயிலும் மும்பையிலும் சிலையாகவும், ஏர் டெக்கான் விமான நிறுவனத்தின் சின்னமாகவும் இடம்பெற்றவர் மீண்டும் வாய் திறவாதவரே.

எள்ளலின் இரு திசைகள்

நகை பிறக்கும் நிலைக்களன்களுள் எள்ளலை முதலில் வைக்கிறது தொல்காப்பியம். அதற்கு உரை கண்ட பேராசிரியர், தான் பிறரை எள்ளி நகுவதும், பிறரால் எள்ளப்பட்டபோது தான் நகுவதும் என அதனை இரண்டாகப் பகுப்பர். இரண்டாவது வகை அரியது. தம்மையும் விட்டுவைக்க வேண்டாம் என்று சங்கரிடம் (1902–1989) நேரு கூறியதாக வழங்கும் செய்தி அவ்வகையின் நல்ல எடுத்துக்காட்டாகப் போற்றப்படுகிறது. போற்றத்தக்கதே. ஆனால் அங்ஙனம் நகுவதற்கு ஓர் இருக்கை வேண்டும். பிரதமர் இருக்கையில் இருப்பவரை எள்ளல் தொட்டுச் செல்லுமேயன்றிக் கீழே தள்ளாது. எல்லாரும் நேருவைப்போல் சிரித்துவிட்டுப் போகலாமே என்று அறிவுறுத்துவோர் இவ்விருக்கையை மறந்துவிடுகின்றனர்.

1949இல் சங்கர் வரைந்த படம் ஒன்றில், அரசியலமைப்பு நத்தையாக ஊர்கிறது. அதன்மேல் அம்பேத்கர் அமர்ந்திருக்கிறார். பின்னால் நேரு சாட்டையை ஓங்கி நிற்கிறார். மக்கள் கூட்டம் பார்த்து நிற்கிறது. அரசியலமைப்பு உருவாக்கத்தில் நேர்ந்த காலத்தாழ்வே அன்றைய வாசகரின் முன்னறிவு. 2006இல் தேசியக் கல்வி ஆராய்ச்சி மற்றும் பயிற்சிக் குழுமத்தின் பதினோராம் வகுப்புப் பாடநூலில் இப்படம் சேர்க்கப்பட்டது. 2012 மே மாதம் நாடாளுமன்றத்தில் எதிர்ப்புக் கிளம்பியது. பாடநூல் ஆலோசகர்களான சுகாஸ் பல்ஷிகரும் யோகேந்திர யாதவும் பதவி விலகினர். புனேயில் பல்ஷிகரின் அலுவலகம் தாக்கப்பட்டது.

பூசலின் நடுவே எழுந்த வினா இலக்கண வினாவாகும்: சாட்டை யாரை நோக்கி ஓங்கப்பட்டது? நத்தையை என்றனர் ஒரு சாரார். நத்தைமேல் இருப்பவரை என்றனர் மறுசாரார். தமிழ்த் தொடரில் இவ்வையம் எழாது. 'நத்தையை ஓட்டினார்' என்றால் ஐயுருபு செயப்படுபொருளைக் காட்டிவிடும். படத்திற்கு வேற்றுமை உருபு இல்லை. எதிர்மறை இல்லை, காலங்காட்டும் இடைநிலை இல்லை. ஓங்கிய கைக்கும் நத்தைக்கும் இடையே ஒருவர் அமர்ந்திருக்கையில், உருபைக் கூட்டிக்கொள்ள வேண்டியவர் காண்பவரே. சாட்டை என்ற கருவிக்குத் தம் முன்னோர் வாழ்வில் வேறொரு பொருளும் உண்டு என அறிந்தவர் கூட்டிக்கொள்ளும் உருபு வேறாகத்தான் இருக்கும். அதனைப் பிழைவாசிப்பு என ஒதுக்குவது பொருந்தாது. 1949ஆம் ஆண்டின் நாளிதழ் வாசகர் வட்டமும் 2012ஆம் ஆண்டின் வகுப்பறையும் ஒன்றல்ல. முன்னதில் இடம்பெறாத பலரின் பிள்ளைகள் பின்னதில் அமர்ந்திருக்கின்றனர்.

எச்ச உம்மை

அடுத்த மாதமே தமிழகத்திலிருந்து மற்றோர் எதிர்ப்பு எழுந்தது. பன்னிரண்டாம் வகுப்பு நூலில், 1965ஆம் ஆண்டின் இந்தி எதிர்ப்புப் போராட்டம் பற்றிய லட்சுமணின் படம் ஒன்று இருந்தது. போராடும் மாணவனைச் சுட்டி, இப்பையனுக்கு ஆங்கிலமும் படிக்கத் தெரியவில்லை என்னும் பொருள்பட அதன் தொடர் அமைந்திருந்தது. இத்தொடரின் நுனி 'உம்' என்ற இடைச்சொல்லில் உள்ளது. உம்மையின் பொருள்களுள் எச்சத்தைத் தொல்காப்பியம் முதலில் வைக்கும். 'ஆங்கிலமும் தெரியாது' எனில், தெரியாத வேறொன்று முன்னரே உண்டு, அது இந்தி. இந்தி வேண்டாம், ஆங்கிலம் போதும் என்பவனுக்கு ஆங்கிலமும் வராது என்பதே அங்கு வருவிக்கப்படும் பொருள். தலைவர்கள் அளித்த உறுதிமொழிகளைப் படித்தறியாமல் போராடுகிறான் என்பது அதன் உட்கிடை.

நகைச்சுவை என்ற அளவில் இத்தொடர் கூர்மையானது. உண்மை என்ற அளவில் அது தலைகீழானது. அன்றைய பூசலின் ஒரு முனை ஆங்கிலத் துணைவினை ஒன்றைப் பற்றியதாகவே இருந்தது. 1963ஆம் ஆண்டின் ஆட்சிமொழிகள் சட்டம், மூன்றாம் பிரிவில், இந்தியுடன் ஆங்கிலமும் தொடர்ந்து பயன்படுத்தப்படலாம் என்பதைக் குறிக்க 'மே' என்னும் சொல்லை ஆண்டது. கட்டாயத்தைக் குறிக்கும் 'ஷல்' அங்கு இல்லை. இரண்டும் ஒன்றே என்ற விளக்கம் அரசின் தரப்பில் தரப்பட்டது. தொடரலாம் என்பதில் தொடராமலும் போகலாம் என்பது அடங்கும் என்று மாநிலங்களவையில் வாதிட்டவர் அண்ணாதுரை. வினைமுற்றின் நோக்குப்பொருளை அவர் படித்த முறை மொழியியல் வகுப்பொன்றில் பாடமாக வைக்கத்தக்கது. 1965 பிப்ரவரி 11ஆம் நாள் லால் பகதூர் சாஸ்திரி வானொலியில் உறுதிமொழி அளித்த பின்னரும் சட்டத்தில் இருந்தது அதே 'மே' தான். 1967ஆம் ஆண்டுத் திருத்தம், இந்தியை ஏற்காத மாநிலங்களுடன் ஒன்றிய அரசு நடத்தும் தொடர்புக்கு 'ஷல்' என்பதைக் கொண்டுவந்தது. படிக்கத் தெரியாதவன் என எள்ளப்பட்டவனின் தரப்பு, ஆங்கிலத்தை ஆள்வோரைவிட நுட்பமாகப் படித்திருந்தது என்பதற்கு இத்திருத்தமே சான்று.

படம் வன்முறையைச் சாடியதேயன்றிக் கோரிக்கையை அன்று எனக் கொள்ளவும் இடமுண்டு. அங்ஙனமாயின் தொடர் வன்முறையைப் பற்றியதாக இருந்திருக்கும். எழுத்தறிவைப் பற்றியதாக இருந்திராது. லட்சுமணின் ஏனைய படங்களில் பேசுவோர் மேலிருப்போர், எள்ளப்படுவோரும் அவர்களே. இங்கோ மேலிருப்போர் பேச, கீழிருப்பவன் எள்ளப்படுகிறான்; எச்சத்தை முடிக்க வேண்டியவரோ ஆங்கில நாளிதழ் படிக்கும் வாசகர். சாமானியரின் மௌனத்தால் மறைந்திருந்த மொழி வேறுபாடு, மொழியே பொருளாகிய இப்படத்தில் வெளிப்பட்டுவிட்டது. கலைஞரின் சிறந்த படங்களுள் இதனை வைக்க இயலாது.

எனினும் நீக்கம் இதற்கு விடையன்று. சிக்கலை ஆராய அமைந்த தோரட் குழு பல படங்களை விலக்கப் பரிந்துரைத்தபோது, அதற்கு மாறுபட்டுத் தனிக்குறிப்பு எழுதிய உறுப்பினர் எம். எஸ். எஸ். பாண்டியன். திராவிட இயக்க வரலாற்றை ஆராய்ந்த அறிஞரே இந்நிலை எடுத்தமை நோக்கத்தக்கது. குறை படங்களைச் சேர்த்ததில் இல்லை. அவற்றுடன் வைத்த வினாக்களில் உண்டு. நத்தைப் படத்தின் அருகே, அரசியலமைப்பை உருவாக்க ஏன் இத்துணைக் காலம் ஆயிற்று என்று பாடநூல் மாணவரைக் கேட்டது. சாட்டை யார்மேல் படும் என்று கேட்கவில்லை. இந்தி எதிர்ப்புப் படத்தின் பக்கத்தில் 1963ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூன்றாம் பிரிவை அச்சிட்டு, இரண்டு துணைவினைகளையும் ஒப்பிடச் சொல்லியிருந்தால், பதினேழு வயது மாணவர் அப்பையனுக்கு எவ்வளவு ஆங்கிலம் தெரிந்திருந்தது என்பதைத் தாமே கணித்திருப்பர்.