மணி போகும் வழி

நாயின் கழுத்தில் மாட்டும் எந்தக் கருவியும் அதைத் தோட்டத்துக்குள் நிறுத்தி வைக்காது. வெளியே போய்விட்டது என்று சொல்லும். அதையும் கொஞ்சம் தாமதமாகத்தான் சொல்லும். 'ஸ்மார்ட் வேலி' என்று பெட்டியின் மேல் கொட்டை எழுத்தில் அச்சடித்து விற்பதை வாங்கும் முன் இதைத் தெரிந்துகொள்வது பர்ஸுக்கு நல்லது. ஜி.பி.எஸ். பட்டை, புளூடூத் வில்லை, மண்ணுக்குள் புதைக்கும் கம்பி, வைஃபை கேமரா என ஒவ்வொன்றாகப் பயன்படுத்திப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

களம், திருமங்கலம் பக்கத்தில் பன்னிரண்டு சென்ட் மனை. முன்பக்கம் செங்கல் காம்பவுண்டு. மற்ற மூன்று பக்கமும் கல்தூண் நட்டு ஐந்தடி உயரத்துக்குக் கம்பி வலை. சோதனையாளர்கள் இருவர். பொன்னி, சிப்பிப்பாறை. எது ஓடினாலும் பின்னால் ஓடும், அதற்கு மேல் அதற்குத் திட்டம் எதுவும் கிடையாது. மணி, தெருவிலிருந்து வந்த நாட்டு நாய். ஓடாது, யோசிக்கும். ஸ்டான்லி கோரன் என்ற உளவியலாளர் 1994இல் நாய்களின் அறிவைப் பற்றி எழுதிய புத்தகத்தில் பார்டர் கோலிக்கு முதலிடம், பூடிலுக்கு இரண்டாமிடம் கொடுத்தார். சொன்னதை எவ்வளவு சீக்கிரம் கற்றுக்கொண்டு செய்கிறது என்று நாய்ப்போட்டி நடுவர்களிடம் கேட்டுப் போட்ட வரிசை அது. சொல்லாததைச் செய்வதற்கும் மதிப்பெண் இருந்திருந்தால் எங்கள் தெருவில் பாதிக்கு மேல் பட்டியலில் ஏறியிருக்கும்.

முதலில் ஜி.பி.எஸ். பட்டை. நான் வாங்கியது சிம் கார்டு போட்டு இயங்கும் ரகம், விலை ஐந்தாயிரத்தை ஒட்டி. கைபேசிச் செயலியில் வரைபடத்தைத் திறந்து வீட்டைச் சுற்றி ஒரு கோடு போட வேண்டும். நாய் அந்தக் கோட்டைத் தாண்டினால் எச்சரிக்கை வரும். கேட்கும்போது ஜோராக இருக்கிறது. ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். பன்னிரண்டு சென்ட் என்பது சுமார் 486 சதுர மீட்டர், அதாவது பக்கத்துக்கு 22 மீட்டர். திறந்த வானத்தின் கீழ் சாதாரணக் கைபேசியின் ஜி.பி.எஸ்., உண்மையான இடத்திலிருந்து ஏறக்குறைய ஐந்து மீட்டர் வரை விலகிக் காட்டும். இரண்டு பக்கமும் ஐந்தைந்து மீட்டரைக் கழித்தால் நம்பத்தக்கதாக மிஞ்சுவது நடுவில் ஒரு 12 மீட்டர் சதுரம். அதில்தான் வீடு இருக்கிறது! கான்கிரீட் கூரைக்குக் கீழே செயற்கைக்கோள் சமிக்ஞை ஒழுங்காக வராது. சுவரில் பட்டுத் திரும்பி வருவதை வாங்கிக்கொண்டு, படியில் படுத்துத் தூங்கும் மணியை எதிர்வீட்டு மாடியில் காட்டியது செயலி. நள்ளிரவில் அப்படி அலாரம் அடித்தால் இரண்டு முறை எழுந்து பார்ப்போம். மூன்றாவது முறை அணைத்துவிட்டுப் படுப்போம். உண்மையாகவே நாய் வெளியே போவது அதற்குப் பிறகுதான்.

இன்னொன்று, வேகம். பேட்டரியை மிச்சம் பிடிக்க இந்தப் பட்டைகள் சும்மா இருக்கும் நேரத்தில் நிமிடக் கணக்கில் ஒரு முறைதான் இடத்தை அனுப்பும். 'நேரலை' முறையைப் போட்டால் பத்து நொடிக்கு ஒரு முறை. மணிக்கு 40 கிலோமீட்டர் என்று வைத்துக்கொண்டாலே ஓடும் நாய் நொடிக்கு 11 மீட்டர் போய்விடும். பத்து நொடியில் நூறு மீட்டருக்கும் மேல். பொன்னி முயலைக் கண்டுவிட்டால் திரையில் தெரியும் புள்ளி அதன் பழைய முகவரிதான்.

வாங்குகிறவர்கள் கட்டாயம் பார்க்க வேண்டிய ஒன்று, உள்ளே இருக்கும் மோடம். மலிவான பட்டைகள் பலவும் 2ஜி. ஜியோவுக்கு 2ஜி சேவையே கிடையாது. அந்த சிம்மைப் போட்டுவிட்டுப் பட்டை வேலை செய்யவில்லை என்று கடைக்காரருடன் சண்டை போட்டுப் பயனில்லை. 4ஜி என்று தெளிவாகப் போட்டிருப்பதை வாங்குங்கள்.

சிப்பிப்பாறை, கன்னி வைத்திருப்பவர்களுக்குத் தனியாக ஒரு சொல். இவற்றின் தலை கழுத்தைவிடப் பெரிதாக அகலமில்லை. சாதாரணப் பட்டை, நாய் பின்னால் இழுத்தால் காதைத் தாண்டிக் கழன்று கையோடு வந்துவிடும். கழலாமல் இருக்க இறுக்கிக் கட்டினால் மெல்லிய தோலில் பெட்டி உராய்ந்து புண்ணாகிறது. அகலமான தோல் பட்டையில் பெட்டியைத் தைத்து வாங்கியபோதுதான் பொன்னி தலையை உதறுவதை நிறுத்தியது. இழுத்தால் இறுகும் வகைப் பட்டைகளை, வேலி தாண்டும் பழக்கமுள்ள நாய்க்கு ஆளில்லாத நேரத்தில் மாட்டி வைக்காதீர்கள். வலையில் சிக்கினால் தூக்குக் கயிறு அது.

அப்படியானால் பட்டை வீணா என்றால், இல்லை. தீபாவளி இரவில் அதற்கு வேலை இருக்கிறது. வெடிச் சத்தத்தில் மிரண்டு ஓடும் நாய் வீட்டைத் தேடி ஓடுவதில்லை, சத்தத்தை விட்டு ஓடுகிறது. எந்தத் திசையில் போனது என்று தெரிவதே பெரிய விஷயம். அந்த ஒரு வாரத்துக்காக மட்டும் நான் இதற்கு ரீசார்ஜ் செய்வேன். எச்சரிக்கை எல்லையை மனையின் அளவுக்கு வைக்காமல் தெருமுனை வரை அகலப்படுத்திவிட்டால் பொய் அலாரமும் ஓய்ந்துவிடுகிறது.

ஆப்பிளின் புளூடூத் வில்லையான ஏர்டேக்கை மாட்டலாமே என்று கேட்பவர்கள் உண்டு. 11 கிராம் எடை, தண்ணீர் பட்டாலும் கெடாது, ஒரு சி.ஆர்.2032 பேட்டரியில் ஓராண்டு ஓடும். ஆனால் அதற்குள் ஜி.பி.எஸ். இல்லை. அருகில் போகும் ஆப்பிள் சாதனம் ஏதாவது அதன் புளூடூத்தைக் கேட்டு இடத்தைத் தெரிவித்தால்தான் உண்டு. நாய் போவது கண்மாய்க் கரைக்கு. இரவு எட்டு மணிக்கு அங்கே ஐபோனுடன் யார் நிற்கிறார்கள்? இது பொருள்களுக்கானது, செல்லப்பிராணிகளுக்கானதல்ல என்று ஆப்பிள் தரப்பிலேயே சொல்லியிருக்கிறார்கள். இரண்டு நாய் இருக்கும் வீட்டில் ஒன்றின் கழுத்திலுள்ளதை மற்றது கடித்து விழுங்கும் அபாயமும் இருக்கிறது. விழுங்கிய பொத்தான் பேட்டரி உணவுக்குழாயில் சிக்கினால் அதை அரித்துவிடும்.

கால்நடை மருத்துவர் தோலுக்கடியில் போடும் மைக்ரோசிப்பையும் சிலர் இந்த வரிசையில் சேர்த்துவிடுகிறார்கள். அதில் பேட்டரியும் இல்லை, ஜி.பி.எஸ்ஸும் இல்லை. ஸ்கேனரை அருகில் வைத்தால் 15 இலக்க எண் ஒன்று தெரியும், அவ்வளவே. நாய் யாருடையது என்பதற்கான சான்று அது. கண்டிப்பாகப் போடுங்கள், ஆனால் அதை வைத்துத் தேடலாம் என்று நினைக்காதீர்கள்.

அடுத்தது புதைகம்பி. 1973இல் ரிச்சர்ட் பெக் என்பவர் அமெரிக்காவில் காப்புரிமை பெற்ற முறை. மனையைச் சுற்றி மண்ணுக்குள் கம்பி ஓடும், அதில் ரேடியோ சமிக்ஞை. பட்டை அணிந்த நாய் நெருங்கினால் முதலில் பீப் ஒலி, மேலும் நெருங்கினால் கழுத்தில் மின்னதிர்ச்சி. நாய்க்கு மாட்டுவதற்கு முன்னால் பட்டையின் இரண்டு முனைகளையும் என் முன்கையில் அழுத்திப் பிடித்துக்கொண்டு கம்பியை நோக்கி நடந்தேன். அதற்குப் பிறகு நாய்க்கு மாட்டவில்லை. திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

வலி மட்டும் காரணமில்லை, முறையே ஓட்டை. துரத்தும் வெறியில் இருக்கும் வேட்டைநாய் ஒரு நொடி வலியைப் பொறுத்துக்கொண்டு கோட்டைத் தாண்டிவிடும். வெறி தணிந்து திரும்பி வரும்போதுதான் அந்த வலி நினைவுக்கு வரும், வீட்டுக்கு வெளியிலேயே நின்றுவிடும். பேட்டரி தீர்ந்தால் பீப் வராது என்பதைப் புரிந்துகொள்ள மணி போன்ற நாய்க்கு வெகுகாலம் ஆகாது. நம் ஊருக்கென்று இன்னொரு கேள்வியும் இருக்கிறது: நம் நாயை நிறுத்தும் இந்த வேலி தெருநாய்க் கூட்டத்தை எப்படி நிறுத்தும்? வேல்ஸ் நாடு 2010இலேயே நாய்க்கும் பூனைக்கும் மின்னதிர்ச்சிப் பட்டை மாட்டுவதைத் தடைசெய்துவிட்டது. வாங்காதீர்கள்.

இவ்வளவு செலவுக்குப் பிறகும் மணி எந்த வழியாகப் போகிறது என்பது வீட்டில் யாருக்கும் தெரியாது. மனைவி கேட்டைச் சொன்னாள், நான் கிணற்றடி மூலையைச் சொன்னேன், பக்கத்து வீட்டு அக்கா, "உங்க மணி பறந்துதான் வருது தம்பி" என்றார். இரண்டாயிரம் ரூபாய் வைஃபை கேமராதான் இதற்கு விடை கொடுத்தது. இந்தக் கட்டுரையில் வரும் மின்னணுப் பொருள்களில் போட்ட காசுக்கு உழைத்தது இது ஒன்றே. நாயைப் பார்க்கும்படி வைக்கக் கூடாது, வேலியைப் பார்க்கும்படி வைக்க வேண்டும். வலை முழு நீளத்துக்கும் தெரியும்படி மூலைத்தூணில் ஏழடி உயரத்தில் கட்டி, செயலியில் 'அசைவுப் பகுதி' என்ற இடத்தில் வலையின் அடியையும் கேட்டையும் மட்டும் குறித்துவிட்டேன். அதைக் குறிக்காவிட்டால் ஆடும் வாழையிலை ஒவ்வொன்றுக்கும் கைபேசி அதிரும். இரவில் அகச்சிவப்பு விளக்குக்குப் பூச்சி வரும், பூச்சிக்குச் சிலந்தி வரும், சிலந்தி லென்சுக்கு முன்னால் கூடு கட்டும். காலையில் பார்த்தால் சிலந்தி நடந்த காட்சிகளே வரிசையாக இருக்கும். ஒட்டடைக்குச்சி ஒன்றைக் கேமராவுக்கு அருகிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

கேமரா காட்டியது இதுதான். பொன்னி தாண்டவே இல்லை. அது போவது தோண்டிய குழி வழியாக, தோண்டுவது மணி. அடிவலையை மூக்கால் தூக்கிப் பார்த்து, தளர்வான இடத்தில் மட்டும் பறிக்கிறது. குழி அடைபட்டிருக்கும் நாளில் கேட்டுக்குப் போய், இரண்டு காலில் நின்று, கொண்டியை மோவாயால் மேலே தள்ளுகிறது. இரண்டும் நடக்காத நாளில்தான் வலையின் வைரக்கட்டங்களில் கால் பதித்து ஏணி மாதிரி ஏறி மேலே போகிறது. உயரமாகக் கட்டினால் போதும் என்று இன்னும் இரண்டடி ஏற்றியிருந்தால் அந்தப் பணம் முழுக்கத் தண்டம்.

வழி தெரிந்தபின் வேலை எளிது, மின்னணு எதுவும் தேவைப்படவில்லை. அடிக்கு, இரண்டடி அகல வெல்டு மெஷ் வாங்கி வேலியின் உள்பக்கம் தரையோடு படுக்கப்போட்டு, நிற்கும் வலையோடு கட்டுக்கம்பியால் முறுக்கி, மேலே ஜல்லி பரப்பினோம். நாய் வேலியை ஒட்டித்தான் தோண்டத் தொடங்கும். நகத்தில் கம்பி பட்டதும் தள்ளிப்போய்த் தோண்ட வேண்டும் என்று அதற்குத் தோன்றுவதில்லை. மணிக்கு அது தோன்றக்கூடும் என்று பயந்தேன், இதுவரை தோன்றவில்லை. அளவெடுக்க வந்த வெல்டர், "அண்ணே, நாய்க்குப் போடுறீங்களா சிறுத்தைக்கா?" என்று கேட்டுவிட்டுக் கட்டணத்தில் கொஞ்சம் ஏற்றிச் சொன்னார். கேட்டுக்கு, கொண்டியின் ஓட்டையில் ஒரு ஸ்பிரிங் கொக்கி. அதைத் திறக்கக் கட்டைவிரல் வேண்டும்.

மேலே ஏறுவதற்கு உருளை. அமெரிக்காவில் கயோட்டி என்ற ஓநாயினம் தோட்டத்துக்குள் வராமலிருக்க வேலி உச்சியில் சுழலும் அலுமினியக் குழாய் மாட்டுவார்கள். பிடிக்க வந்த கால் வழுக்கிவிடும். இங்கே அதற்கு பி.வி.சி. குழாய் போதும். தூணுக்குத் தூண் ஜி.ஐ. கம்பியை விறைப்பாக இழுத்து, அதில் ஓரங்குலக் குழாயைக் கோத்து, அதன்மேல் மூன்றங்குலக் குழாயைத் தளர்வாக விட வேண்டும். கம்பி தொய்ந்தால் குழாய் சுற்றாது, நாய்க்கு நல்ல கைப்பிடியாகிவிடும். ஆகவே ஒவ்வொரு தூணிலும் இழுத்து முறுக்க ஒரு டர்ன்பக்கிள் வையுங்கள். வெயிலில் பி.வி.சி. ஒரு சில வருடங்களில் நொறுங்கத் தொடங்கும், பெயின்ட் அடித்தால் இன்னும் கொஞ்சம் தாங்கும். மணி முதல் முறை பிடித்து வழுக்கிக் கீழே விழுந்ததும் எழுந்து குழாயை வெகுநேரம் பார்த்தது. பிறகு கேட்டுப் பக்கம் போய்விட்டது.

தோட்டம் வைத்திருப்பவர்கள் சிலர் சோலார் வேலியைச் சிபாரிசு செய்கிறார்கள். அதன் கம்பிக்கு மின்சாரம் கொடுக்கும் எனர்ஜைசர் முறையானதாக இருந்தால் தொடர்ந்து பாய்ச்சாது. நொடிக்கு ஒரு துடிப்பு, அதுவும் ஒரு நொடியில் நூறில் ஒரு பங்குக்கு மேல் நீடிக்காது. ஆற்றலுக்கும் சர்வதேசத் தரத்தில் உச்சவரம்பு உண்டு. காட்டோரத் தோப்புக்கு அது சரி, குழந்தைகள் ஓடும் வீட்டுத் தோட்டத்துக்கு வேண்டாம். வீட்டு லைனிலிருந்து நேரடியாகக் கம்பிக்கு இணைப்பு கொடுப்பது குற்றம். 2023 மார்ச்சில் தருமபுரி மாவட்டம் மாரண்டஅள்ளி அருகே மூன்று யானைகள் செத்து விழுந்தது அப்படிப்பட்ட வேலியில்தான்.

வேலியோடு, வெளியே போகும் ஆசையையும் குறைக்க வேண்டும். ஆண் நாயாக இருந்தால் கருத்தடை செய்யுங்கள், துணை தேடி வெளியேறுவது வெகுவாகக் குறையும். காலையில் அரை மணி நேரம் பொன்னியைக் கண்மாய்க் கரையில் ஓடவிட்டால் பகலில் அது குழியின் பக்கமே திரும்புவதில்லை. மணிக்கு ஓட்டம் போதாது. பழைய துணியில் கருவாட்டுத் துண்டுகளை முடிந்து தோட்டத்தில் ஒளித்து வைத்தால் அரை நாள் அதிலேயே போகும்.

மிச்சம் இருப்பது மனிதர்கள். கேஸ் சிலிண்டர் கொண்டு வருபவரும் கூரியர் தம்பியும் ஸ்பிரிங் கொக்கியைத் திறக்கிறார்கள், மாட்டுவதில்லை. இதற்குத் தானாகச் சாத்திக்கொள்ளும் ஸ்பிரிங் கீல் கடையில் கிடைக்கிறது. ஆனால் என் கேட்டின் எடைக்கு அது தாங்காது என்று கடைக்காரரே சொல்லிவிட்டார். கேட்டுக்கு உள்ளே ஆறடி தள்ளி மூன்றரை அடியில் இன்னொரு சின்னக் கதவு போட வெல்டரிடம் சொல்லியிருக்கிறேன். அடுத்த வாரம் வருகிறேன் என்றிருக்கிறார்.