குறிப்பேடா, குற்றப்பத்திரிகையா?

பிள்ளை வாய் திறப்பதற்கு முன்பே அவனைப் பற்றிப் பேசத் தொடங்கிவிடுகிறது பள்ளி ஏடு. பெயர் எழுதப்படுகிறது, பிறந்த நாள் எழுதப்படுகிறது, தந்தையின் தொழிலும் சாதியும் எழுதப்படுகின்றன. இவ்வளவும் எழுதிய பிறகும் ஏட்டின் பசி தீரவில்லை. அவன் எத்தகையவன் என்பதையும் எழுதி வைக்க வேண்டும் என்கிறது. நல்லெண்ணத்தோடுதான் கேட்கிறது. அந்த நல்லெண்ணத்தை நாம் ஐயுறவில்லை. எழுதப்படும் எழுத்தையே ஐயுறுகிறோம்.

ஆசிரியப் பயிற்சிக் கல்லூரிகளில் நிகழ்ச்சிக் குறிப்பேடு என்றொரு பாடம் உண்டு. மாணவன் நடத்தையில் கண்ணுக்குப் பட்ட ஒரு நிகழ்ச்சியை, நாளும் நேரமும் இடமும் குறித்து, நடந்தது நடந்தபடியே சில வரிகளில் எழுதி வைப்பது அதன் இலக்கணம். மதிப்பெண் சொல்ல மறந்ததை அது சொல்லும். தேர்வுத் தாளில் தெரியாத பிள்ளை அதில் தெரிவான் என்பது எதிர்பார்ப்பு. நல்ல எதிர்பார்ப்புத்தான். ஆனால் அந்தப் பாடம் கற்பிக்கப்படும் முறையைப் பாருங்கள்! நன்மைகள் ஐந்து, குறைகள் நான்கு என்று எண்ணி வைத்து, நெட்டுருப் போட்டு, தேர்வில் கொட்டிவிட்டு வருகிறார்கள் நாளைய ஆசிரியர்கள். பிள்ளையைக் கண்ணால் காணும் கலையைக் கண்ணை மூடிக்கொண்டு மனப்பாடம் செய்யும் விந்தை வேறெங்கு உண்டு?

இலக்கிய ஏட்டுக்கு இதில் என்ன வேலை என்று கேட்பார் உளர். வேலை உண்டு. குறிப்பு என்பதும் உரைநடையே. அதுவும் ஓர் உயிருள்ள ஆளைப் பற்றிய உரைநடை. கதாசிரியன் தன் பாத்திரத்தைத் தவறாக வரைந்தால் கதை கெடும். வாசகன் புத்தகத்தை மூடி வைத்துவிட்டுப் போவான். ஆசிரியர் பிள்ளையைத் தவறாக வரைந்தால் கெடுவது எது? ஆகவேதான் சிறுகதைக்கும் நாடகத்துக்கும் நாம் காட்டும் கண்டிப்பில் பாதியையேனும் இந்தக் குறிப்புகளுக்கும் காட்ட வேண்டும் என்கிறோம்.

ஒரே பிள்ளையைப் பற்றி இருவர் எழுதுவதாகக் கற்பனை செய்து பார்ப்போம். முதலாமவர் எழுதுகிறார்: "வகுப்பில் கவனம் இல்லை. பிறர் ஏட்டைப் பார்த்து எழுதும் பழக்கம் உள்ளவன். சோம்பேறி. வீட்டில் வளர்ப்புச் சரியில்லை." நான்கு வரி, நான்கு தீர்ப்பு. என்று நடந்தது? தெரியாது. என்ன நடந்தது? அதுவும் தெரியாது. வீட்டு வளர்ப்பை வகுப்பில் நின்றபடி எப்படிக் கண்டார்? கேட்கக் கூடாது; தீர்ப்பளித்தாகிவிட்டது!

இரண்டாமவர் எழுதுகிறார்: "காலை 10.20. கணக்குப் பாடம். கரும்பலகையில் இருந்த கணக்கைப் படிக்கச் சொன்னேன். எழுந்தான், கண்களைச் சுருக்கினான், பக்கத்துப் பையனின் ஏட்டைக் குனிந்து பார்த்தான், பிறகு படித்தான். 'உன் ஏட்டில் ஏன் இல்லை?' என்று கடிந்தேன். பேசாமல் நின்றான்." அடுத்த வாரம் இன்னொரு குறிப்பு: நிலப்படத்தில் ஊரைக் காட்டச் சொன்னபோது படத்தருகே முகத்தைக் கொண்டுபோனான். அதற்கடுத்த வாரம்: ஆசிரியர் வாயால் சொல்லச் சொல்ல எழுதும் பாடத்தில் பிழையின்றி எழுதினான், யாருடைய ஏட்டையும் பார்க்கவில்லை. மூன்று குறிப்புகளையும் அடுக்கி வைத்துப் பாருங்கள். சோம்பேறி மறைகிறான்; கண்பார்வை குறைந்த பிள்ளை தெரிகிறான். அவனுக்கு வேண்டியது மூக்குக்கண்ணாடி. முதலாமவர் ஏட்டிலோ அவனுக்குக் கிடைத்தது பட்டம்.

இரண்டு எழுத்துக்கும் வேறுபாடு எங்கே இருக்கிறது? முதலாவது முழுவதும் அடைமொழிகளால் ஆனது. இரண்டாவது முழுவதும் வினைச்சொற்களால் ஆனது. எழுந்தான், சுருக்கினான், குனிந்தான், நின்றான். வினைச்சொல் ஒரு கணத்தோடு முடிந்துவிடும், பிள்ளையை விட்டுவிடும். அடைமொழி அப்படி விடாது. இன்னொன்றும் இருக்கிறது, அதைப் பலர் கவனிப்பதில்லை. இரண்டாம் குறிப்பில் ஆசிரியரும் இருக்கிறார். 'கடிந்தேன்' என்ற ஒரு சொல்லில் அவர் தம்மையும் ஏட்டில் ஏற்றிக்கொண்டார். நாம் காணும் குறிப்புகளில் பெரும்பாலானவற்றில் பிள்ளை கத்துகிறான், முறைக்கிறான், எதிர்த்துப் பேசுகிறான். அதற்கு முன்னால் ஆசிரியர் என்ன சொன்னார் என்ற வரி மட்டும் இல்லை. மறுமொழியை எழுதி, மொழியை மறைத்துவிட்டால் யார்தான் முரடனாகத் தோன்றமாட்டான்?

இந்த எழுத்துக்கு நல்ல மாதிரி ஒன்று வேண்டுமானால் அது பள்ளிக்கு வெளியே, ஓர் அறிவியல் மேதையின் வீட்டில் கிடைக்கிறது. சார்லசு டார்வின் தம் தலைமகன் வில்லியம் 1839ஆம் ஆண்டின் இறுதியில் பிறந்தது முதற்கொண்டு அவனைக் கவனித்துக் குறிப்பெழுதினார். முப்பத்தேழு ஆண்டுகளுக்குப் பிறகு அக்குறிப்புகளைப் புரட்டி, 1877இல் 'மைண்டு' என்னும் இதழில் ஒரு கட்டுரையாக வெளியிட்டார். அதில் ஒரு காட்சி. பிள்ளைக்கு இரண்டு வயதும் ஏழரை மாதமும். உணவறையிலிருந்து வெளியே வருகிறான். கண்களில் இயல்புக்கு மீறிய ஒளி. நடத்தையில் ஏதோ செயற்கை. தந்தை உள்ளே போய்ப் பார்க்கிறார். தொடக்கூடாதென்று சொல்லி வைத்திருந்த சர்க்கரைப் பொடியைப் பிள்ளை எடுத்திருக்கிறான். இரண்டு வாரம் கழித்து அதே அறை, அதே வாயில். தன் மேலாடையைக் கவனமாகச் சுருட்டிப் பிடித்து அதையே பார்த்துக்கொண்டு வருகிறான். உள்ளே என்ன என்றால் ஒன்றுமில்லை என்கிறான். விலகிப் போகுமாறு தந்தைக்கே ஆணையிடுகிறான்! பிரித்துப் பார்த்தால் ஊறுகாய்ச் சாற்றின் கறை.

டார்வின் இங்கே செய்ததைக் கவனியுங்கள். கண்டதை முதலில் எழுதினார். தம் கருத்தைப் பிறகு எழுதினார். அதையும் கருத்தென்றே எழுதினார். பிள்ளை எப்போதும் தண்டிக்கப்பட்டதில்லை, ஆதலால் அந்த விந்தை நடத்தைக்கு அச்சம் காரணமாக இருக்க முடியாது. இன்பக் கிளர்ச்சியும் மனச்சான்றும் மோதிக்கொண்டன போலும் என்று காரணம் காட்டி ஊகித்தார். இரண்டாம் நிகழ்ச்சியைத் திட்டமிட்ட ஏமாற்று என்று சொல்லவும் அவர் தயங்கவில்லை. மகன் என்பதற்காக மெழுகவில்லை. ஆனால் செய்த செயலுக்குத்தான் அந்தப் பெயர், செய்தவனுக்கு அன்று. நல்லுணர்ச்சிகளைத் தூண்டி வளர்த்ததாலேயே அப்பிள்ளை விரைவில் ஒளிவுமறைவற்றவனாக ஆனான் என்பதையும் அடுத்தே எழுதி வைத்தார். சர்க்கரையைக் கவர்ந்த அந்தச் சிறுவன் வளர்ந்து சௌதாம்டன் நகரில் வங்கியாளரானார் என்பது வரலாறு. பிறர் பணத்தைக் காக்கும் தொழில்! இரண்டரை வயதில் 'திருடன்' என்று எழுதி ஒட்டியிருந்தால் எந்த வங்கி அவரை ஏற்றிருக்கும்?

டார்வினுக்கு ஓய்வு இருந்தது, ஒரு வீட்டுப் பிள்ளைகளை மட்டும் பார்த்தால் போதும், நாற்பது பேரைக் கட்டி மேய்க்கும் ஆசிரியர் என்ன செய்வார் என்ற மறுப்பு எழும். சரியான மறுப்பு. இதைத் தள்ளிவிட்டுப் போக நாம் விரும்பவில்லை. 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் கணக்குப்படி ஆறு முதல் எட்டு வகுப்பு வரை 35 பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியர். பாட ஆசிரியர் ஒருவர் ஐந்து பிரிவுகளுக்குச் சென்றால் 175 முகங்கள். ஒவ்வொருவரைப் பற்றியும் வாரம் ஒரு குறிப்பு என்றால் பாடம் நடத்துவது எப்போது? அதனால் நடப்பது என்ன? யார் கூச்சலிடுகிறானோ அவன் ஏட்டில் ஏறுகிறான். கடைசி வரிசையில் சுவரோரம் உட்கார்ந்து, ஆண்டு முழுவதும் ஒரு சொல்லும் பேசாமல் போகும் சிறுமியைப் பற்றி ஒரு வரி இல்லை. அவள் தொல்லை தரவில்லை. ஆகவே அவள் இல்லை! ஏடு நடத்தையைப் பதிவதாகச் சொல்லிக்கொண்டு ஆசிரியரின் எரிச்சலைப் பதிகிறது.

இந்த முறையை உருவாக்கிய அமெரிக்கக் கல்வியாளர்கள் இந்தக் கேடுகளை அறியாதவர்களல்லர். சார்வியும் எல்லிங்சனும் 1940இல் இதற்கெனவே ஒரு கையேடு எழுதினர். மேரிலாந்துப் பல்கலைக் கழகத்தில் டேனியல் பிரெசுகாட்டு நடத்திய பயிற்சி இன்னும் நுட்பமானது. ஓர் ஆசிரியர், ஓர் ஆண்டு, ஒரே பிள்ளை. அப்பிள்ளையைப் பற்றி எழுதிய குறிப்புகளை ஆசிரியர்கள் கூடியமர்ந்து வாசிப்பர். எது கண்டது, எது கருதியது என்று ஒருவர் எழுத்தை மற்றவர் அலசுவர். பார்க்கக் கற்பதுதான் முதற்பாடம். அந்தக் கண் வாய்த்துவிட்டால் மற்றப் பிள்ளைகளையும் அது வேறுவிதமாகப் பார்க்கும் என்பது அவர் துணிபு. நம் பயிற்சிக் கல்லூரிகள் அம்முறையின் பெயரைக் கொண்டுவந்தன. வாசித்து அலசும் கூட்டத்தைக் கடலுக்கு அப்பாலேயே விட்டுவிட்டன.

எழுதிய சொல் எவ்வளவு வலியது? 1968இல் இராபர்ட்டு ரோசன்தாலும் இலெனோர் சேக்கப்சனும் ஒரு நூல் வெளியிட்டனர். கலிபோர்னியாவில் ஒரு தொடக்கப்பள்ளி. சில பிள்ளைகள் இவ்வாண்டு அறிவில் மலர்வார்கள் என்று சோதனை காட்டியிருப்பதாக ஆசிரியர்களிடம் ஒரு பெயர்ப்பட்டியல் தரப்பட்டது. உண்மையில் அப்பெயர்கள் சீட்டுக் குலுக்குவது போல் எடுக்கப்பட்டவை. ஆண்டு முடிவில் முதலிரண்டு வகுப்புகளில் அப்பிள்ளைகள் மற்றவர்களைவிட முன்னேறியிருந்ததாக அவர்கள் கண்டனர். அந்த விளைவு அத்துணைப் பெரிதன்று என்று பின்வந்த அறிஞர் பலர் வாதிட்டுள்ளனர், அவ்வாதத்தில் பொருளுண்டு. ஆனால் ஒன்றை நினையுங்கள். அவர்கள் நல்ல பெயரைத்தான் பொய்யாக ஒட்டிப் பார்த்தார்கள். கெட்ட பெயரைப் பொய்யாக ஒட்டிப் பார்க்க மனமுள்ள ஆராய்ச்சியாளன் துணியமாட்டான். அந்தச் சோதனையைச் செலவே இல்லாமல், ஆண்டுதோறும், நம் பள்ளி ஏடுகள் நடத்துகின்றன.

வளர்ப்புச் சரியில்லை, குடும்பச் சூழல் அப்படி, அந்தத் தெருப் பிள்ளை. இச்சொற்களை நாம் அறிவோம். சாதியின் பெயரைச் சொல்லக் கூசும் நாக்கு அணிந்துகொள்ளும் முகமூடிகள் இவை. ஏட்டில் ஏற்றி மனிதரை முத்திரையிடும் கொடுமை இந்நாட்டுக்குப் புதிதன்று. 1871ஆம் ஆண்டின் குற்றப் பரம்பரைச் சட்டம், 1911இல் திருத்தப்பட்டபின் சென்னை மாகாணத்திலும் பாய்ந்து, பிறப்பினாலேயே மக்களைக் குற்றவாளிப் பதிவேட்டில் ஏற்றியது. அச்சட்டம் ஒழிந்தது. பள்ளிக் குறிப்பில் 'வளர்ப்பு' என்று எழுதும் கை, ஒழிந்த அந்தப் பதிவேட்டின் ஒரு தாளைத் தன்னையறியாமலே நிரப்புகிறது.

தேர்வு ஒன்றே பிள்ளையை அளக்கலாகாது என்று சொல்லி, மாணவர் ஒவ்வொருவர்க்கும் தொடர்ந்த பதிவு வேண்டும் என்று 1953இல் பரிந்துரைத்தது டாக்டர் இலட்சுமணசாமி முதலியார் தலைமையிலான இடைநிலைக் கல்விக் குழு. அந்த நோக்கத்துக்கு நாம் தலைவணங்குகிறோம். மூன்று மணி நேரத் தாளைவிட ஓராண்டுக் கவனிப்பு உயர்ந்தது என்பதில் நமக்கு ஐயமில்லை. ஆனால் நோக்கம் படிவமாகும்போது நேர்வது வேறு. மத்திய இடைநிலைக் கல்வி வாரியம் 2009இல் தொடர் மதிப்பீட்டு முறையைப் புகுத்தி, மனப்பான்மைக்கும் வாழ்க்கைத் திறனுக்கும்கூட நிலை வழங்கச் செய்தது. விளக்க வாக்கியங்களும் கேட்டது. கேட்டால் கிடைக்காதா? பொறுமையுள்ளவன், பிறருக்கு உதவுபவன், தலைமைப் பண்பு உள்ளவன் என்ற ஆயத்தச் சொற்கள் பெயரை மட்டும் மாற்றிக்கொண்டு படிவங்களில் குடியேறின. 2017இல் அம்முறை கைவிடப்பட்டது. கண்டிக்கும் அடைமொழிக்கு எதிராகப் பேசிய நாம் புகழும் அடைமொழியையும் ஏற்கவில்லை. இரண்டிலும் பிள்ளை இல்லை.

கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு உடல்தண்டனையை மட்டுமன்றி மனத்துன்பம் தருவதையும் தடுத்திருக்கிறது. பிரம்பை வைத்துவிட்டுப் பேனாவை எடுத்திருக்கும் ஆசிரியருக்கு நாம் சொல்வது கடினமானதன்று. நாளொன்றுக்கு இரண்டே பிள்ளைகள். காலையிலேயே பெயரை முடிவு செய்துகொள்ளுங்கள்; அப்போதுதான் சுவரோரச் சிறுமிக்கும் ஒரு நாள் வரும். கண்டது இடப்பக்கம், கருதியது வலப்பக்கம். வலப்பக்கம் வெறுமையாக இருந்தாலும் குற்றமில்லை. உங்கள் சொல்லையும் செயலையும் எழுதாத குறிப்பு அரைக்குறிப்பு.

எஞ்சி நிற்பது அந்த ஏடு யாருடையது என்ற கேள்வி. இன்று அது ஆசிரியர் அறையின் அலமாரியில் இருக்கிறது. நாளை கணினியில் ஏறும். கணினியில் ஏறியது செல்லரிக்காது. எந்தப் பிள்ளையைப் பற்றியதோ அந்தப் பிள்ளையின் பெற்றோர் அதைப் பார்க்க வேண்டும்; படிக்கத் தெரியாத தாய்க்கு ஆசிரியரே படித்துக் காட்ட வேண்டும். தாயின் முகத்தைப் பார்த்துப் படிக்கக் கூசும் வரி எதுவோ, அதை அன்றே அடித்துவிடலாம். அடுத்த வகுப்பின் ஆசிரியர் கைக்கு அந்த ஏடு சூன் மாதமே போகக் கூடாது. காலாண்டு வரை அவர் தம் கண்ணால் பார்க்கட்டும், பிறகு வாங்கிப் படிக்கட்டும். மாற்றுச் சான்றிதழில் நடத்தைக்கென ஒரு கட்டம் இருக்கிறதே, அது எதற்கு? எல்லோருக்கும் 'நன்று' என்றே எழுதுகிறார்கள். எழுதாமல் விட்டால் அந்தப் பிள்ளைக்கு அடுத்த பள்ளியின் கதவு திறப்பதில்லை. பத்தாண்டுப் பள்ளி வாழ்வை ஒரு சொல்லில் அடைக்கும் அந்தக் கட்டத்தை நீக்கிவிட்டு, அந்த இடத்தில் பிள்ளையின் குருதி வகையை எழுதலாம்.