தங்கக் கூண்டும் தாயின் குற்றமும்

அனோரெக்சியா நெர்வோசா பற்றிப் படிக்க வரும் எவரும் ஹில்டே புரூக்கைத் தாண்டிப் போக முடியாது. நாஜி ஜெர்மனியிலிருந்து வெளியேறி அமெரிக்காவில் பணியாற்றிய மனநல மருத்துவர் அவர். 1978இல் வெளிவந்த அவரது ‘தி கோல்டன் கேஜ்’, அதாவது தங்கக் கூண்டு, பட்டினி கிடந்து எலும்பாகிப்போன இளம்பெண்களை அழகுப் பைத்தியங்களாகப் பார்க்கவில்லை. நோயின் பெயருக்குப் பசியின்மை என்று பொருள். ஆனால் இவர்களுக்குப் பசி உண்டு. வாழ்க்கையில் எதுவுமே தன் கையில் இல்லை என்று உணர்கிறவள் உடம்பையாவது தன் பிடிக்குள் வைத்துக்கொள்ளப் பார்க்கிறாள் என்றார் புரூக். இன்றும் இதுதான் நூலின் பலம்.

சிக்கல் அடுத்த கேள்வியில் வருகிறது. அந்தப் பிடி ஏன் இல்லாமல் போனது? விடை தேடி நூல் வீட்டுக்குள் போகிறது, போய்த் தாயிடம் நிற்கிறது. குழந்தையின் பசியை அறியாமல் தன் எண்ணப்படி ஊட்டியவள் அவள். தந்தையும் வருகிறார்தான், ஆனால் ஊட்டியவள்தானே முதல் குற்றவாளி! இந்த வழக்கம் பழையது. நோய்க்கு இப்பெயரை வைத்த லண்டன் மருத்துவர் வில்லியம் கல், நோயாளியைக் கவனித்துக்கொள்ள உறவினர்களே மிக மோசமானவர்கள் என்று 1870களிலேயே எழுதிவிட்டார்.

புரூக் சந்தித்த தாய்மார்கள், மகள் கண்ணெதிரே கரைவதைப் பார்த்துப் பதறியவர்கள். அந்தப் பதற்றத்தையே நோயின் காரணமாக எப்படி எழுதுவது? 1944-45இல் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ், சம்மதித்து வந்த 36 ஆரோக்கியமான ஆண்களை ஆறு மாதம் அரைப் பட்டினியில் வைத்தார். சமையல் புத்தகங்களைச் சேர்த்தார்கள், தட்டிலிருந்ததை நெடுநேரம் அளைந்தார்கள், சிடுசிடுத்தார்கள், நண்பர்களிடமிருந்து ஒதுங்கினார்கள். அதற்கு அவர்களுடைய அம்மாக்களை யாரும் காரணம் காட்டவில்லை. பட்டினி மனத்தையே மாற்றிவிடும், உடல் சற்றுத் தேறாமல் பேச்சு சிகிச்சை பலிக்காது என்பது புரூக்குக்கும் தெரியும், எழுதியும் இருக்கிறார். தாயைப் பற்றிய பக்கங்களில் மட்டும் அந்த நிதானம் காணாமல் போகிறது.

லண்டன் மாட்ஸ்லி மருத்துவமனைக் குழுவின் 1987 ஆய்வு வேறு திசை காட்டியது. இளவயதில் நோய் தொடங்கி மூன்றாண்டுகள் ஆகாதவர்களுக்கு, தனியாள் சிகிச்சையைவிடக் குடும்பத்தைச் சேர்த்துக்கொண்ட சிகிச்சை கூடுதல் பலன் தந்தது. அதிலிருந்து வளர்ந்த முறையில் பழி தேடுவதில்லை. முதலில் பெற்றோர் சாப்பாட்டுப் பொறுப்பை ஏற்கிறார்கள். உடல் தேறத் தேற மகளிடமே திருப்பித் தருகிறார்கள். மனநோய்களில் உயிரிழப்பு மிக அதிகமானவற்றுள் ஒன்று இது என்பதால், உணவிலிருந்து தொடங்குவதை நான் முழுதாக ஏற்கிறேன்.

ஆனால் ‘பெற்றோர்’ என்ற சொல் உறுத்துகிறது. வேளைக்கு வேளை சமைத்து, அழுகைக்கும் வசவுக்கும் நடுவே மகளருகே உட்கார்ந்திருந்து, அதற்காக வேலைக்கு விடுப்பும் எடுப்பது பெரும்பாலும் யார்? முதல் நாளே தந்தையின் முகத்தைப் பார்த்து, “மத்தியானச் சாப்பாட்டுக்கு நீங்கள் வீட்டில் இருப்பீர்களா?” என்று கேட்கும் மருத்துவரைத்தான் நான் நம்புவேன்.